ஒரு கட்டணம் கட்ட எத்தனை நடை?

ஊரிலுள்ள ஓர் இணையத்தளத்தில் பணம் கட்டவோ விண்ணப்பம் போடவோ உட்கார்ந்தால், திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். இதைக் காணாத புலம்பெயர் வீடு இல்லை. உடனே வீட்டில் எடுக்கும் முடிவும் ஒன்றுதான்: "எங்கட இன்ரநெற் காணாது, கூடின பக்கேஜுக்கு மாற வேணும்." லாங்கன்தாலில் சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்கு எழுதும் எங்களிடம் இந்தப் பேச்சு வந்து சேருவதற்குக் காரணம், அந்தக் கூடின பக்கேஜ் மாதச் செலவில் ஒரு வரியாக வந்து குந்திக்கொள்வதுதான். நாங்கள் படித்தது வணிகம், கம்பி வேலை எங்கள் தொழில் அல்ல. ஆனால் ஓர் இணையப் பக்கம் ஏன் தாமதிக்கின்றது என்பது பெரும்பாலும் கூட்டல் பெருக்கல் தெரிந்த எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

"நாலு நடை நடந்துதான் அந்த அலுவல் முடிஞ்சது" என்று ஊரில் சொல்வோம். ஒரு நடை என்றால் போய்த் திரும்பி வருவது. கெமைண்டே அலுவலகத்தில் ஒரு பத்திரம் எடுக்கப் போகின்றோம். கவுண்டரில் இருப்பவர் வதிவிட அனுமதி அட்டையைக் கேட்கின்றார். வீட்டுக்கு வந்து அதை எடுத்துக்கொண்டு போனால், திருமணப் பதிவின் மொழிபெயர்ப்பைக் கேட்கின்றார். அதையும் கொண்டு போனால், கட்டணம் கட்டிய துண்டு எங்கே என்கின்றார். கவுண்டரில் செலவான நேரம் மொத்தமாகப் பத்து நிமிடம்கூட இராது. நாளைத் தின்றது நடை. லாங்கன்தாலுக்கு வடக்கே லூட்டர்பாக்குக்கும் ஹார்க்கிங்கனுக்கும் இடையில் ஏ1 நெடுஞ்சாலையை ஆறு தடமாக அகலிக்கும் வேலை நடக்கின்றது. அதனால் ஒரே நேரத்தில் கூடுதல் வாகனங்கள் ஓடலாம், நெரிசல் குறையலாம். ஆனால் பேர்ண் நகரம் ஒரு மீற்றர்கூடக் கிட்ட வராது. இணைய நிறுவனம் எங்களுக்கு விற்கும் "ஒரு கிகாபிட்", "பத்து கிகாபிட்" என்பவை வீதியின் அகலம். அகலம் வேறு, தூரம் வேறு.

ஆகவே கணக்கு இரண்டு எண்களில் அடங்கும். ஒரு நடைக்கு எவ்வளவு நேரம், மொத்தம் எத்தனை நடை.

முதலாவது எண்ணை இயற்கையே பெருமளவு தீர்மானித்து விட்டது. சுவிஸிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 8,000 கிலோமீற்றர். வெற்றிடத்தில் ஒளி செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கண்ணாடி இழைக்குள் அது ஏறத்தாழ 2 இலட்சம்தான். அப்படியானால் போக 40 மில்லிசெக்கன், வர 40, ஆக 80. இதைவிடக் குறைந்த நேரத்தில் ஒரு கண்ணாடி இழை வழியாகக் கேள்வி போய்ப் பதில் வராது, எவ்வளவு பணம் கட்டினாலும்.

கேபிள் நேர்கோட்டில் போவதுமில்லை. தென்கிழக்கு ஆசியாவையும் மத்திய கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைப்பதால் சீ-மீ-வீ என்று பெயர் பெற்ற கடலடிக் கேபிள் வரிசையில் நான்காவது 2005 இல் சேவைக்கு வந்தது. மார்செய் துறையில் தொடங்கி, மத்தியதரைக் கடல், எகிப்து, செங்கடல், அரபிக்கடல் என்று சுற்றி, மும்பை, கொழும்பு, சென்னை ஆகிய மூன்றையும் தொட்டுச் சிங்கப்பூர் வரை போகின்றது. ஐந்தாவது கேபிள் இலங்கையில் மாத்தறையில் கரையேறுகின்றது. இந்தச் சுற்றுப் பாதையையும், வழியிலுள்ள கருவிகள் ஒவ்வொன்றும் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு நடைக்கு 150 மில்லிசெக்கன் என்று பிடிப்பது நியாயமான மதிப்பீடு. சூரிச்சில் உள்ள ஒரு சேவருக்கு 10 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து மடங்கு வித்தியாசம்.

ஒரு கண் இமைப்புக்கும் குறைவான 150 மில்லிசெக்கன் யாருக்கும் உறைக்காது என்று தோன்றும். உறைக்க வைப்பது இரண்டாவது எண்.

முகவரியைத் தட்டியதும் முதலில் நடப்பது விலாசம் தேடுதல். நாம் எழுதும் பெயரை இலக்கமாக மாற்றித் தருவது டீ.என்.எஸ். எனப்படும் பெயரேடு. அண்மையில் யாராவது அதே தளத்தைக் கேட்டிருந்தால் எங்கள் இணைய நிறுவனமே பதிலைக் கையில் வைத்திருக்கும். இல்லாவிட்டால் அந்தத் தளத்தின் பெயரேடு இருக்கும் இடம்வரை கேட்டுப் போக வேண்டும். ஒரு நடை என்று எழுதுவோம்.

அடுத்தது தொடர்பு பிடித்தல். தொலைபேசி அட்டை வாங்கி ஊருக்குக் கதைத்த காலத்தை நினைத்தால் இது விளங்கும். "ஹலோ, கேக்குதே?" "ஓம் கேக்குது, உங்களுக்குக் கேக்குதே?" இந்த இரண்டு வசனமும் ஆகும்வரை ஒரு செய்தியும் சொல்லுப்படாது, அட்டையில் காசு மட்டும் கழியும். கணினிகளும் அப்படியேதான். டீ.சீ.பீ. என்ற ஒழுங்கின்படி, கேட்குதா என்று அனுப்பி, கேட்குது என்று பதில் வந்த பிறகுதான் அலுவலைச் சொல்லலாம். இன்னொரு நடை.

பிறகு ஆளடையாளமும் இரகசியச் சாவியும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிகின்றதே, அந்தப் பூட்டைப் போடுவதற்கான பேச்சுவார்த்தை இது. டீ.எல்.எஸ். என்ற முறையின் 1.2 ஆம் பதிப்பில் இதற்கு இரண்டு நடை வேண்டும். 2018 ஓகஸ்டில் வெளியான 1.3 ஆம் பதிப்பில் ஒன்று போதும். ஊர்த் தளங்கள் பல இன்னும் பழைய பதிப்பில் ஓடுவதாகவே எடுத்து, இரண்டு என்று பதிவோம். அதன் பின்னர்தான் "அந்தப் பக்கத்தைத் தாருங்கள்" என்ற உண்மையான கேள்வி போகின்றது. அதற்கு ஒன்று. திரையில் ஓர் எழுத்தும் தோன்றுவதற்கு முன்னரே ஐந்து நடை, 750 மில்லிசெக்கன்.

பக்கமும் ஒரே மூச்சில் வந்து சேராது. முன்பின் தெரியாதவருக்குக் கடைக்காரர் எப்படிக் கடன் கொடுப்பார்? முதலில் சிறு தொகை. அது ஒழுங்காகத் திரும்பினால் இரட்டிப்பு, அதுவும் திரும்பினால் பின்னும் இரட்டிப்பு. சேவரும் முதல் தடவை ஏறத்தாழ 10 பொதிகளை மட்டும் அனுப்பும். அது சுமார் 14 கிலோபைட். அவை கிடைத்தன என்ற பதில் வந்த பின் 20, பிறகு 40. இந்தப் பத்தே 2013 இல் வந்த தாராளம். அதற்கு முன்னர் மூன்று நான்கு பொதிகளுடன்தான் தொடங்கினார்கள்.

ஏன் இவ்வளவு அவதானம் என்றால், அதற்கொரு கதை உண்டு. 1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவில், லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான தொடர்பு செக்கனுக்கு 32 ஆயிரம் பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே நானூறு யார் தூரம்தான், எழுதிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போயிருக்கலாம். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் கொட்டியதால் வந்த வினை அது. வான் ஜேக்கப்சன் என்பவர் ஆராய்ந்து, மெல்லத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் முறையை 1988 இல் எழுதினார். இன்று வரை இணையம் விழாமல் நிற்பதற்கு அந்த முறையும் ஒரு முக்கிய காரணம். எட்டாயிரம் கிலோமீற்றர் தள்ளி இருப்பவர்களான நாம்தான் அதற்கான வாடகையை அதிகமாகக் கட்டுகின்றோம்.

எங்கள் பக்கம் 60 கிலோபைட் என்றால் மூன்று தவணையில் வரும். முதல் தவணையை மேலே எண்ணி விட்டோம், மேலும் இரண்டு. பக்கம் வந்த பிறகுதான் அதன் வடிவக் கோப்பும் நிரல் கோப்பும் எங்கே இருக்கின்றன என்று உலாவிக்குத் தெரியும். அவற்றைப் போய் எடுக்க இரண்டு. அந்த நிரல் ஓடி, "இன்றைய விபரத்தைத் தா" என்று மறுபடி கேட்க ஒன்று. ஆக முதல் பக்கத்துக்குப் பத்து நடை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படங்கள் இருபது இருந்தாலும் நடை இருபதாகக் கூடாது, அவற்றில் பலவற்றை ஒரே நேரத்தில் கேட்கலாம். ஒன்றின் பதில் வந்தால்தான் அடுத்ததைக் கேட்கலாம் என்று சங்கிலியாகக் கோர்த்து வைத்திருப்பதுதான் நடையைக் கூட்டும்.

இப்போது முழு அலுவலையும் பேரேட்டில் ஏற்றுவோம். ஊரில் ஒரு கட்டணம், சுவிஸ் வங்கி அட்டையால் கட்டுகின்றோம். முதல் பக்கம் 10. அதை வாசித்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, "அடுத்து" என்று அழுத்த ஒரு நிமிடம் போய்விடும். இதற்குள் சேவர் தொடர்பை வெட்டி விட்டிருக்கும். அப்பாச்சி என்ற பரவலான சேவர் மென்பொருள், மாற்றாமல் விட்டால், சும்மா இருக்கும் தொடர்புக்கு ஐந்து செக்கன்தான் காத்திருக்கும். ஆகவே படிவப் பக்கத்துக்குத் திரும்பவும் தொடர்பு ஒன்று, பூட்டு இரண்டு, கேள்வி ஒன்று, இரண்டாம் தவணை ஒன்று, விபரம் ஒன்று என 6. உறுதிப்படுத்தும் பக்கத்துக்கும் அதே 6. பிறகு பணம் வாங்கும் இடைத்தரகரின் தளம். அதற்கு வேறு பெயர், வேறு சேவர் என்பதால் பெயரேட்டிலிருந்து தொடங்கி 8. அங்கிருந்து எங்கள் அட்டையை வழங்கிய சுவிஸ் வங்கியின் உறுதிப்படுத்தல் பக்கம் வருகின்றது. அதற்கும் பத்து நடை பிடிக்கலாம். ஆனால் அவை சூரிச் நடைகள், மொத்தமே 100 மில்லிசெக்கன், பேரேட்டில் ஏற்றத் தேவையில்லை. கைத்தொலைபேசியைத் தேடி எடுத்து அனுமதி கொடுத்த பின், இடைத்தரகரிடம் திரும்பிப் போக 4. கடைசியாகப் பற்றுச்சீட்டுப் பக்கம் 6.

கூட்டினால் 40 நெடுநடை. 150 ஆல் பெருக்க 6,000 மில்லிசெக்கன், அதாவது ஆறு செக்கன். சேவர் யோசிக்கும் நேரமோ வழியில் பொதி தொலைவதோ இதில் சேரவில்லை. இதே தளம் சூரிச்சில் இருந்திருந்தால் 0.4 செக்கன்.

பத்துக் கிகாபிட் இந்த ஆறு செக்கனுக்கு என்ன செய்யும்? அலுவல் முழுவதிலும் ஒரு மெகாபைட் வந்ததாக வைப்போம். ஒரு கிகாபிட் இணைப்பில் அதை இறக்க 8 மில்லிசெக்கன், பத்துக் கிகாபிட்டில் 0.8. மிச்சம் 7 மில்லிசெக்கன் சொச்சம், ஆறாயிரத்தில் ஏழு. இலாப நட்டக் கணக்கில் இப்படி ஒரு வரவு வந்தால் நாங்கள் அதைச் சில்லறைச் செலவுக்குள் தள்ளி விடுவோம். பிள்ளைகள் பெரிய விளையாட்டுகளை இறக்குகின்றார்கள், நாலு அறையிலும் ஒரே நேரத்தில் படம் ஓடுகின்றது என்றால் அகலமான இணைப்பு பயன்படும். ஊரில் படிவம் நிரப்புவதற்காக அதை வாங்க வேண்டியதில்லை.

150 என்ற எண் நிலையானதும் அல்ல. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அப்பால் சீ-மீ-வீ நான்கும் இன்னொரு கேபிளும் அறுந்தன. 2024 பெப்ரவரியில் செங்கடலில் சில கேபிள்கள் அறுந்தன. 2025 செப்டெம்பரில் ஜெத்தாவுக்கு அருகே மறுபடி. இப்படியான நாட்களில் தொடர்பு முற்றாக நிற்பதில்லை, வேறு வழியால் சுற்றி ஓடுகின்றது. ஐரோப்பாவிலிருந்து அத்திலாந்திக், அமெரிக்கா, பசிபிக் என்று உலகத்தின் மறுபக்கத்தால் போக நேர்ந்தால் ஒரு நடை 300 மில்லிசெக்கனைத் தாண்டும். நாற்பது நடையும் அப்போது பன்னிரண்டு செக்கனுக்கு மேல். வீட்டு ரௌட்டரை அணைத்துப் போடுவதால் செங்கடலில் ஒன்றும் நடக்காது.

உங்கள் வீட்டு எண்ணை நீங்களே அளக்கலாம். விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் என்ற கட்டளையுடன் தளத்தின் பெயரைக் கொடுத்தால், நான்கு தடவை தட்டிப் பார்த்து நேரத்தைச் சொல்லும். நான்கில் மிகக் குறைந்ததை எடுங்கள், தூரத்துக்கு மிக நெருங்கியது அதுதான். ஒரு தளம் டொட் எல்.கே. என்று முடிவதால் அதன் சேவர் இலங்கையில் இருக்கின்றது என்று பொருளில்லை. பத்து மில்லிசெக்கனில் பதில் வந்தால் அது பக்கத்து நாட்டில் இருக்கின்றது, அல்லது பக்கத்தில் ஒரு பிரதி வைத்திருக்கின்றார்கள்.

இந்த இடத்தில் எங்கள் சங்கங்களையும் தமிழ்ப் பாடசாலைகளையும் கோவில்களையும் பற்றி ஒரு வார்த்தை. மலிவு என்பதற்காக வேறொரு கண்டத்தில் சேவர் எடுத்து, அதில் அனுமதிப் படிவத்தைப் போடுகின்றோம். நிரப்புபவர்கள் எல்லோரும் பேர்ணிலும் சூரிச்சிலும் இருக்க, படிவம் கடல் கடந்து போய் வருகின்றது. சுவிஸிலோ ஜேர்மனியிலோ இடம் எடுத்தால் எல்லா நடையும் ஒரேயடியாகக் குறுகிவிடும். எடுத்த இடத்தை மாற்ற முடியாவிட்டால் நடையைக் குறைக்கலாம். எங்கள் பேரேட்டில் புதுத் தொடர்பு ஆறு இடத்தில் பிடிக்கப்பட்டது. டீ.எல்.எஸ். 1.3 க்கு மாறினால் இடத்துக்கு ஒன்றாக ஆறு நடை மிச்சம், 40 என்பது 34 ஆகும். தொடர்பையும் பூட்டையும் ஒரே நடையில் முடிக்கும் குயிக் என்ற புதிய முறை 2021 மே மாதம் தரமாக வெளியானது. அதற்கு மாறினால் 28. ஒரு சதமும் செலவழிக்காமல் அந்த ஐந்து செக்கன் வெட்டை இரண்டு நிமிடமாக்கினாலே, படிவப் பக்கத்திலும் உறுதிப்படுத்தும் பக்கத்திலும் மும்மூன்று நடை குறையும்.

தமிழ்ப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு பாரமும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய காலத்தில் ஒரு குறிக்கு ஒரு பைட்தான் ஆனது. இன்றைய யுனிகோட்டில், இணையம் முழுக்கப் பாவிக்கும் யூ.டீ.எஃப்-8 முறையில், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். "கா" என்று எழுதினால் ஆறு. ஆங்கிலத்தில் முதல் தவணைக்குள் அடங்கும் செய்தி தமிழில் இரண்டாம் தவணைக்கு இழுபடும். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதால் சுருக்கி அனுப்பும் வசதியைப் போட்டால் பெரும்பகுதி சுருங்கிவிடும். தளம் செய்து தருபவரிடம் "சுருக்கம் போட்டிருக்கின்றீர்களா" என்று கேட்பது தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்கு மற்றவர்களைவிட அவசியம்.

நேரம் போனால் போகட்டும், ஆறு செக்கனில் யாரும் கெட்டுப் போவதில்லை என்று சொல்லலாம். பயப்பட வேண்டிய இடம் வேறு. நெடுவழியில் பொதி தொலையும். தொடர்பு பிடிக்கும் முதல் பொதி தொலைந்தால் கணினி ஒரு செக்கன் பார்த்திருந்து மறுபடி அனுப்பும், அதுவும் தொலைந்தால் இரண்டு செக்கன், பிறகு நாலு. சில வேளை வட்டம் நெடுநேரம் சுற்றுவது இதனால்தான். இது "பணத்தைக் கட்டு" என்று அழுத்திய பிறகு நடந்தால், உலாவிக்கு ஒரு விடயம் தெரிய வழியே இல்லை. போன கேள்வி தொலைந்ததா, வந்த பதில் தொலைந்ததா? இரண்டுக்கும் திரை ஒன்றுதான். முதலாவதில் பணம் போகவில்லை, இரண்டாவதில் போய்விட்டது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஊரிலிருக்கும் தாயாரின் சிகிச்சைக் கட்டணத்தை இப்படித்தான் இரண்டு தடவை கட்டியது. இரண்டாம் தொகை திரும்பி வர ஏழு வாரமானது. அந்த ஏழு வாரமும் அவர்கள் வீட்டில் வேறு எதற்கோ ஒதுக்கிய பணம் அங்கே கிடந்தது. மணித்தியாலக் கூலிக்கு உழைப்பவர்களுக்கு இது சின்ன விடயமில்லை.

ஒழுங்காகச் செய்த தளம் இதற்கு மருந்து வைத்திருக்கும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் அழுத்துவதற்கு முன்னரே ஓர் இலக்கம் கொடுத்துவிடும். அதே இலக்கத்துடன் இரண்டாவது தடவை கேள்வி வந்தால், பணத்தை மறுபடி எடுக்காமல் பழைய பற்றுச்சீட்டையே காட்டும். வவுச்சர் இலக்கம் பார்க்காமல் காசு கொடுக்காத பழைய காசாளரின் வேலைதான் இது. தளம் அப்படிச் செய்திருக்கின்றதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே வட்டம் சுற்றும்போது பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், பின்னுக்கும் போகாதீர்கள். கைத்தொலைபேசியில் வங்கிச் செயலியைத் திறந்து அட்டைக் கணக்கைப் பாருங்கள். அந்தக் கேள்விக்குச் சூரிச்சில் பதில் இருக்கின்றது. தொகை அங்கே "ஒதுக்கப்பட்டது" என்று தெரிந்தால் அட்டை தன் வேலையை முடித்துவிட்டது. இனி ஊர்த் தளத்திலிருந்து மின்னஞ்சலில் பற்றுச்சீட்டு வருகின்றதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் திகதி, நேரம், தொகை, அட்டையின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் எழுத வைத்தால் அதுவும் நாலு நடையாகிவிடும்.